உள்ளங்கை நல்லெண்ணெய்

ஆர்.கே.புரம், புதுதில்லி
ஐப்பசி 24

அன்புள்ள பெரியவளுக்கு,

சின்னவள் எழுதுவது. கூடப் பிறக்காவிட்டாலும் ஹாஸ்டல் நாளிலிருந்து நீ எனக்குப் பெரியவள்தானே. வீட்டில் எல்லோரும் நலம்தானே? உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? டாக்டர் அத்தனை சொல்லியும் துணி உலர்த்த மொட்டை மாடிக்கு ஏறுகிறாயாம், உன் மகள் போனில் சொன்னாள். ஏறாதேடி. கொடியைக் கூடத்திலேயே கட்டிக்கொள்.

உன் கடிதம் பூட்டின வீட்டின் கதவிடுக்கு வழியாக விழுந்து பத்து நாள் கிடந்திருக்கிறது. மகாளய அமாவாசைக்கு முன்னாலேயே மருமகள் ஊருக்குக் கிளம்பிவிட்டோம். விஜயதசமி முடிந்து ஒருதரம் திரும்பினோம். தீபாவளிக்கு மறுபடி போய் ஒரு வாரத்துக்கு மேல் இருந்துவிட்டு முந்தாநாள்தான் வந்தோம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கு உட்கார்ந்து எழுத வேண்டும் என்று இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மேஜையில் உட்கார்ந்து அழுதுகொண்டே உனக்கு ஒரு கடிதம் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இன்றைக்குத்தான் சரியான பதில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

அங்கே அடைமழை என்று எழுதியிருந்தாய். ஐப்பசியில் நம் ஊர் வாய்க்கால் எல்லாம் கரை தொட்டு ஓடுமே, கண்ணுக்குள் வந்தது. இங்கே மழை செப்டம்பர் கடைசியோடு சரி. அப்புறம் வருகிற மூன்று நான்கு வாரம்தான் இந்த ஊரிலேயே நல்ல காலம். வெயில் இருக்கும், சுடாது. ராத்திரி ஃபேன் வேண்டாம், போர்வையும் வேண்டாம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை இலையுதிர்காலம் என்று படித்தோம், ஆனால் தில்லியில் வேம்பு இலை கொட்டுவது மாசி பங்குனியில்தான். இப்போது உதிர்வது பூ. எங்கள் பிளாக் வாசலில் இருக்கிற பவழமல்லி விடிகாலையில் தரை முழுக்கக் கொட்டி வைத்திருக்கும், மிதிக்க மனசு வராது. சாயங்காலமானால் தெருவோரத்து ஏழிலைப்பாலை. அந்த வாசனை கனமாக வந்து இறங்கும், இவருக்கு உடனே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். பிறகு காற்று நின்று, குளிர் கீழே படிந்து, புகை மேலே போக வழியில்லாமல் தங்கிவிடும். இன்றைக்கு ஜன்னலைத் திறக்கவில்லை.

ஊர்க்கதைக்கு வருகிறேன்.

கர்னாலுக்கு அந்தப் பக்கம் தராவடி என்று ஒரு சிற்றூர். பள்ளிக்கூடத்தில் தராயின் யுத்தம் என்று மனப்பாடம் பண்ணினோமே, 1191, 1192, அதே இடம்தான். இப்போது அந்தப் பக்கத்தில் தராவடி என்றால் யாரும் யுத்தத்தை நினைப்பதில்லை, பாசுமதியைத்தான் நினைக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கிறது சம்பந்தி வீடு. இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். நெடுஞ்சாலைப் பலகையில் 44 என்று போட்டிருக்கிறது. இதே ரோடு சேலம், நாமக்கல், மதுரை என்று இறங்கி கன்னியாகுமரியில் முடிகிறது. அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு முதுகுப் பக்கம் ஊர் இருக்கிறது என்று ஒரு தெம்பு.

பையன் ஹரியானாப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். பாஷை வேறு, சாப்பாடு வேறு, நாளைக்கு நம் வீட்டில் கொலு வைக்கவும் ஆள் இருக்காது என்று எட்டுப் பக்கம் எழுதினேன். நீ ஒரே ஒரு இன்லண்டு லெட்டரில் பதில் போட்டாய். “ஜாதகத்தைப் பார்க்காதே. போய் அந்த வீட்டு அடுப்படியைப் பார்த்துவிட்டு வா” என்று. அந்த லெட்டர் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. போனேன், பார்த்தேன், கல்யாணமும் நடந்தது. ஆனால் மனசார அந்த வீட்டில் உட்கார்ந்தேனா என்றால் இல்லை. ஒரு ராத்திரி தங்குவேன், மறுநாள் கிளம்பிவிடுவேன். அவர்களும் மரியாதையாக இருப்பார்கள், நானும் மரியாதையாக இருப்பேன்.

இந்த வருஷம் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறி, பெயிண்டை முழுக்கச் சுரண்ட வேண்டியதாகிவிட்டது. படி கட்ட இடமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூடக் கொலு நின்றதில்லை. நான் முகம் வாடி இருப்பதைப் பார்த்து மருமகள்தான், “அம்மா, மரப்பாச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊரில் வைப்போம்” என்றாள். அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த ஜோடி. முந்தானைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

அங்கே போய் இறங்கினால், திண்ணையில் சம்பந்தியம்மாளின் மாமியார், எண்பத்தைந்து வயசிருக்கும், எல்லோருக்கும் தாதி, அதாவது பாட்டி, களிமண்ணைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் பேத்தி காரிலிருந்து குதித்து ஓடிப்போய் அந்த மண்ணில் கையை விட்டாள். சின்னச் சின்ன உருண்டை பிடித்து உள்ளங்கையில் தட்டி, நட்சத்திரம், நிலா, வளையல், செருப்பு என்று ஒன்றொன்றாகச் செய்து முறத்தில் காயப் போட்டிருந்தார்கள். காய்ந்ததும் சுண்ணாம்பில் முக்கி, காவியும் மஞ்சளும் தீட்டினார்கள். அமாவாசை அன்று சுவரில் சாணம் பூசி, அதன்மேல் இந்த நட்சத்திரங்களை வரிசையாகப் பதித்து ஒரு அம்மன் உருவத்தைக் கொண்டுவந்தார்கள். சாஞ்ஜி என்று பேர். ஒன்பது ராத்திரியும் தெருப் பெண்கள் வந்து அவள் முன்னால் பாடுவார்கள். பத்தாம் நாள் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்து, ஓட்டைப் பானையில் விளக்கோடு வைத்து ஊர்க் குளத்தில் விடுவார்கள். பையன்கள் கழியோடு கரையில் நின்று பானையை உடைக்கப் பார்ப்பார்கள். பெண்கள் விடமாட்டார்கள்.

எனக்குப் பேச்சே வரவில்லை பெரியவளே. முப்பத்தைந்து வருஷமாகத் தில்லியில் இருக்கிறேன். மூன்று மணி நேரத் தொலைவில், ஒன்பது ராத்திரி மண்பொம்மையை வைத்துப் பாடுகிற பெண்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மரப்பாச்சியைத் தயங்கித் தயங்கித்தான் எடுத்துக் கொடுத்தேன். தாதி வாங்கி, மூக்கைத் தடவி, தலையைத் தடவி, “இவள் ஏன் துணியில்லாமல் இருக்கிறாள், குளிராதா” என்று கேட்டுவிட்டு, தன் பழைய முக்காட்டு ஓடனியிலிருந்து ஒரு முழம் கிழித்துப் பாவாடை கட்டிவிட்டார். ராஜாவுக்குத் தலைப்பாகை. சாஞ்ஜிக்குக் கீழே ஒரு மனையில் வைத்தோம். சாயங்காலம் நான் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்தேன், தேங்காய் கர்னாலிலிருந்து வாங்கி வந்தார்கள். அஷ்டமி அன்றைக்கு அவர்கள் வீட்டுப் பழக்கம் என்ன தெரியுமா? தெருவில் இருக்கிற சின்னப் பெண்களைக் கூப்பிட்டு, கால் கழுவி, பூரியும் அல்வாவும் கறுப்புக் கொண்டைக்கடலையும் போடுகிறார்கள். அதே கடலை! தாளிப்பு மட்டும்தான் வேறு. வீட்டுக்குள்ளே ஒரு சட்டியில் பார்லி முளை கட்டி வைத்திருந்தார்கள், நம் முளைப்பாரி மாதிரி வெளிறின மஞ்சளில் ஒரு சாண் உயரம் நின்றது. தசமி அன்று அதைக் கிள்ளி அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிகளின் காதில் செருகுகிறார்கள். பேத்தி எல்லோர் காதிலும் செருகினாள், எருமைக்கும் சேர்த்து.

வயலைப் பற்றி எழுதாவிட்டால் நீ விடமாட்டாய்.

அங்கே பெரும்பாலும் பாசுமதிதான், 1121 என்கிற ரகம். நம்பர் என்றாலும் அதற்கு ஒரு வீடு இருக்கிறது. கரோல்பாக் பக்கம் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்து 2003-ல் வெளியிட்டது. நான் கல்யாணமான புதிதில் ஆபீஸ் பஸ்ஸில் தினமும் அந்த வழியாகத்தான் போவேன், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அரிசி சமைத்தால் இரண்டு பங்குக்கு மேல் நீளும். நமக்கு ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நாள் மனசில் இருக்கிற மாதிரி இவர்களுக்கு ஜூன் 15. நிலத்தடித் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது என்பதால், அதற்கு முன்னால் நடவு நடக்கூடாது என்று 2009-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நடவு தள்ளிப் போனால் அறுப்பும் தள்ளிப் போகும், கோதுமை விதைக்கக் கிடைப்பது பதினைந்து இருபது நாள்தான். இதைச் சம்பந்தி வரப்பில் நின்றுகொண்டு எனக்கு விளக்கினார். மெஷின் அறுத்தால் தாள் முழங்கால் அளவுக்கு நின்றுவிடும், அதை என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். அவர் பாசுமதியை ஆள் வைத்து அடியோடு அறுக்கிறார், வைக்கோல் மாட்டுக்கு ஆகிறது, தில்லிக்குப் புகை வருகிற மாதிரி நெருப்பு வைக்க வேண்டியதில்லை. இவருக்கு மூச்சு முட்டும் ஒவ்வொரு நவம்பரிலும் நான் “இந்த ஹரியானாக்காரர்கள்” என்று வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன், மருமகள் காதுபடவே திட்டியிருக்கிறேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. வரப்பில் நிற்கும்போது அது எனக்கு உறைத்தது. அன்று ராத்திரி அவளிடம் சொன்னேன். “விடுங்கம்மா” என்றாள், தமிழில்.

அறுப்பைப் பார்த்தேன். கட்டு கட்டாகக் கொண்டுவந்து, படுக்க வைத்த எண்ணெய் டிரம்மில் ஓங்கி அடிக்கிறார்கள். இரண்டு அடியில் நெல் எல்லாம் விரிப்பில் சிதறிவிடுகிறது. பொன் நிறம், நீளமாக, நுனியில் மீசையோடு. ஒரு பிடி எடுத்துக் கசக்கி மோந்தேன். வாசனை வேறுதான். ஆனால் அந்தத் தூசு, கழுத்தில் ஒட்டிக்கொண்டு அரிக்குமே, அது அதே அரிப்பு. அப்பா களத்திலிருந்து வந்து துண்டை உதறும்போது திண்ணை முழுக்கப் பறக்குமே, அது.

அங்கே ஏக்கரைக் கில்லா என்கிறார்கள். ஒரு கில்லா நம் கணக்கில் எத்தனை என்று சம்பந்தி கேட்டார். மூன்று மா என்றேன். சொன்ன உடனே தொண்டை அடைத்துக்கொண்டது. 1982-ல் என்னைத் திருச்சியில் சேர்க்க அப்பா விற்றது அந்த மூன்று மாதான். வாய்க்கால் தலைப்பில், தண்ணீர் முதலில் பாய்கிற துண்டு. ஹாஸ்டல் வாசலில் என் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, உன் அப்பாவோடு டீ குடிக்கப் போனாரே, அன்றைக்குக் காலையில்தான் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். எனக்கு அது தெரிந்ததே கல்யாணத்துக்கு அப்புறம். மிச்சத்தை அண்ணன்கள் விற்றுவிட்டார்கள். அப்பாவிடம் நான் ஒரு நாளும் நன்றி என்று சொன்னதில்லை. நம் வீடுகளில் யார் சொல்கிறார்கள்?

எனக்கு வந்த ஆபீஸ் இந்தியில் இதைச் சம்பந்தியிடம் சொன்னேன். “பெண்ணைப் படிக்க வைக்கவா?” என்று ஒருதரம் கேட்டார். டிராக்டரிலிருந்து இறங்கினார். “தெற்கு எந்தப் பக்கம்?” என்று தானே பார்த்து, அந்தப் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பி, “உங்கள் அப்பாவுக்கு ராம் ராம்” என்றார். திரும்ப ஏறிப் போய்விட்டார். நான் வரப்பிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தீபாவளி அவர்களுக்கு ராத்திரிப் பண்டிகை. அமாவாசை இருட்டில் விளக்கு வைத்து லட்சுமி பூஜை. நமக்கு விடிகாலை எண்ணெய்க் குளியல் இல்லாமல் தீபாவளி ஏது? ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் சீயக்காயும் எடுத்துப் போயிருந்தேன். நான்கு மணிக்குச் சத்தம் போடாமல் எழுந்து அடுப்படியில் எண்ணெயைக் காய்ச்சினேன். மிளகும் ஒரு வெற்றிலையும் போட்டு. வாசனைக்குத் தாதி எழுந்து வந்துவிட்டார். கிண்ணத்தில் விரலைத் தொட்டு, “எள்ளா?” என்றார். அவர்களுக்குக் கடுகெண்ணெய்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். நம் ஊரில் பெரியவர்கள் சிறியவர்களுக்கு எண்ணெய் வைப்பார்கள், இப்போது எனக்கு வைக்க யாருமில்லை, நானே வைத்துக்கொள்வேன் என்று. அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, தெரியுமே உனக்கு.

தாதி ஒன்றும் சொல்லவில்லை. முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். உள்ளங்கை குழித்து எண்ணெயை வார்த்து, உச்சியில் வைத்து அழுத்தினார். நடவும் களையும் சாணமும் பார்த்த கை. ரேகையெல்லாம் தேய்ந்து, சொரசொரவென்று, தலைமுடி சிக்கிச் சிக்கி வந்தது. மூன்று முறை உச்சியில் வைத்தார், பிறகு காது மடலுக்குப் பின்னால், பிறகு கழுத்து. அம்மாவும் இதே வரிசையில்தான் வைப்பாள். யார் இவருக்குச் சொன்னது? வாய்க்குள்ளே ஏதோ முணுமுணுத்தார், எனக்குப் புரியவில்லை, பூத், தூத், தன் என்று பிள்ளையும் பாலும் செல்வமுமாக வாழ்த்து என்று மட்டும் தெரிந்தது. அறுபது வயசுக்கு எனக்கு அந்த ஆசீர்வாதம். சம்பந்தியம்மாள் அதற்குள் எழுந்து வந்து கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்ததும் அந்த முக்காலியில் அவர் உட்கார்ந்தார். நான் அவருக்கு வைத்தேன். அப்புறம் மருமகளுக்கு, பேத்திக்கு. நெல்லி மரத்தடியில் வெந்நீர் அண்டா, சீயக்காய் கண்ணில் பட்டுப் பேத்தி போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது.

மறுநாளைக்கு மறுநாள் கோவர்த்தன பூஜை. முற்றத்தில் சாணத்தால் மலை பிடித்து, மாட்டுக்குக் குங்குமம் வைத்து, நம் மாட்டுப் பொங்கல்தான். அதெல்லாம் நேரில் வரும்போது சொல்கிறேன், பேத்தி எடுத்த போட்டோவும் இருக்கிறது.

பெரியவளே, நான் ஊரை இழந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷம் உன்னிடம் புலம்பியிருக்கிறேன். எந்தப் பெண் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அழுதேனோ அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி ஒரு வரப்பில் நடந்தேன். இதை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. உனக்கு எழுதிவிட்டு, இந்தக் கடிதத்தையே அவளுக்குப் படித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். தமிழ் கேட்டால் முக்கால்வாசி புரிகிறது அவளுக்கு.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். நீ மயிலாடுதுறைக் கூறைநாட்டில் இருக்கிறாய், காவேரித் துலாக்கட்டம் நாலு எட்டு. ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்குக்கு இன்னும் சில நாள்தான். அதற்குள் இந்தக் கடிதம் வராவிட்டால் கார்த்திகை ஒன்று முடவன் முழுக்குக்காவது போ. முழங்கால் வலியோடு படியிறங்க வேண்டாம், உன் மகளை இறங்கச் சொல். அப்பா பேரைச் சொல்லி ஒரு முழுக்கு, அம்மா பேரைச் சொல்லி ஒரு முழுக்கு. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ஒரு சின்னப் பாட்டிலில் பிடித்து வை. தாதி காவேரியைப் பார்த்ததில்லையாம், கேட்டார்.

பக்கத்து பிளாக் அம்மா அடுத்த வாரம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வருகிறார். ஐந்து கிலோ பாசுமதி கொடுத்தனுப்புகிறேன், சம்பந்தி வயல் நெல், போன வருஷத்தது. அதைத் தாராளமாகப் பொங்கு. கூடவே ஒரு சின்னப் பையில் புது அரிசி இருக்கும், தாதி உனக்கென்று தனியாகக் கட்டிக் கொடுத்தது. அதை இப்போது வடித்தால் குழைந்துவிடுமாம், ஒரு வருஷம் பானையில் கிடக்கட்டும் என்று சொல்லச் சொன்னார். வேப்பிலை போட்டு மூடி வை. அடுத்த ஐப்பசிக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம், அன்றைக்கு வடிக்கலாம்.

அன்புடன்,
சின்னவள்